மிச்சக் காசும் உரிமைக் காசும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் பரிமாறும் உழைப்பின் விலை

1. கேள்வி

மலேசியாவில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்கின்றன. உள்ளூர்க்காரர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு முடித்து எழுபவர் கல்லாவில் பில்லைக் கட்டிவிட்டுப் போகிறார். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் தோசையும் தே தாரேயும் சாப்பிட்டவர் மீதிக் காசை எண்ணி வாங்கிக்கொள்கிறார். மிஞ்சிப் போனால், "மீதி இருக்கட்டும் தம்பி" என்று முப்பது நாற்பது காசை விட்டுவிடுவார்.

வழக்கம் இல்லை என்பது ஏறக்குறைய உண்மை. ஆனால் அதன் பின்னாலேயே இன்னோர் எண்ணமும் ஒட்டிக்கொண்டு வருகிறது: டிப்ஸ் கேட்காத ஊரில் பரிமாறுகிறவருக்குச் சம்பளம் சரியாகக் கிடைத்துவிடுகிறது என்பது. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. டிப்ஸ் கொடுப்பதும் கொடுக்காததும் பண்பாட்டுப் பழக்கம் என்றே பெரும்பாலும் பேசப்படுகிறது. வாடிக்கையாளர் தரும் பணத்தின்மேல் யாருக்கு உரிமை, அந்த உரிமை எந்தத் தாளில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டால், பழக்கத்தைவிடச் சட்டமும் தொழிற்சங்கமும் குடிநுழைவு விதிகளுமே அதிகம் பதில் சொல்கின்றன என்பது இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

2. இதுவரை சொல்லப்பட்டவை

டிப்ஸ் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தவை. சிகாகோ உணவகங்களை ஆராய்ந்து 1948-இல் நூல் எழுதிய வில்லியம் ஃபுட் வைட், உணவக வேலையில் உறவுகள் எப்படி உரசுகின்றன என்று காட்டினார். வாடிக்கையாளர், பரிமாறுபவர், சமையற்கட்டு, மேலாளர் என்று நாலா பக்கமும் இழுபடுபவர் பரிமாறுபவரே. ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் 1983-இல் விமானப் பணிப்பெண்களை வைத்து, புன்னகையும் பொறுமையும்கூட விற்கப்படும் உழைப்பே என்று வாதிட்டார். விவியானா செலிசர் 1994-இல் வந்த தம் நூலில், டிப்ஸ் என்பது கூலி, அன்பளிப்பு, லஞ்சம் மூன்றுக்கும் நடுவில் தடுமாறும் பணம் என்றார். நல்ல சேவைக்குத்தான் டிப்ஸ் என்ற பொதுநம்பிக்கையைச் சோதித்தவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின். சேவையின் தரத்துக்கும் டிப்ஸ் அளவுக்கும் உள்ள தொடர்பு மிக மெலிந்தது என்று அவருடைய ஆய்வுகள் காட்டின.

இவற்றுக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. நியூ ஜெர்சி உணவகம் ஒன்றின் பணிப்பெண்களைப் பற்றி 1991-இல் எழுதிய கிரெட்டா ஃபாஃப் பால்ஸ், டிப்ஸ் அவர்களைக் கூனிக் குறுகச் செய்யவில்லை என்றார். முதலாளியின் கையை எதிர்பாராத வருமானம் இருந்ததால் அவர்கள் நிமிர்ந்து நின்றார்கள் என்பது அவர் கண்டது.

நம் பக்கத்தில் சொல்லப்படும் விளக்கம் வேறு. சோறு போடுவது புண்ணியம், அதற்குக் கைக்கூலி கொடுப்பது அழகில்லை; அண்ணே, தம்பி, மாச்சா என்று அழைத்துவிட்டுக் காசை நீட்டினால் உறவு கெட்டுவிடும் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சென்னையிலும் மதுரையிலும் பில் வைத்த தட்டில் சோம்போடு சில்லறை விடுவது வெகுகால வழக்கம். அங்கும் சர்வர் தம்பிதான், அண்ணன்தான். ஒரே மொழியும் ஒரே விருந்தோம்பலும் இரண்டு ஊரில் இரண்டு வழக்கத்தை வளர்த்திருக்கின்றன என்றால், விளக்கத்தை வேறிடத்தில் தேட வேண்டும். தேடத் தொடங்க வேண்டிய இடம் வேலை நடக்கும் முறை.

3. ஓர் இலை, நாலு கை

நண்பகல் பன்னிரண்டரை மணிக்கு வாழை இலைக் கடையில் ஒரு மேசையைக் கவனித்தால் இது விளங்கும். முதலில் வருபவர் இலையைப் போட்டு நகர்கிறார். அடுத்தவர் அன்னக் கூடையோடு வந்து சோற்றைத் தள்ளுகிறார். மூன்றாமவர் கையில் கூட்டு, பொரியல், பச்சடி அடங்கிய தூக்கு. கரண்டிகளை மாற்றாமல், இலையின் மேற்பாதியில் வரிசை தவறாமல் வைத்துக்கொண்டே அடுத்த இலைக்குப் போகிறார். குழம்பு வாளிகளோடு இன்னொருவர்: "மீனா, கோழியா, பருப்பா?" கேள்வி முடிவதற்குள் சோற்றில் குழி விழுந்திருக்க வேண்டும். இதற்கிடையே பொரித்த மீனும் மட்டன் வறுவலும் அடுக்கிய தட்டைச் சுமந்து ஒருவர் வருகிறார். கடைக்கு இலாபம் அந்தத் தட்டில் இருப்பதால் அவர் சற்று மூத்தவராக இருப்பார். ரசம் கேட்டால் கிளாஸில் வரும். தண்ணீர், தே ஓ ஐஸ் லிமாவ் எல்லாம் தனி ஆள் பொறுப்பு. சாப்பிட்டு முடிந்ததும் இலையைப் பார்த்தே கணக்கைப் போட்டுச் சீட்டு எழுதுபவர் இன்னொருவர். இலையை மடித்து எடுத்து மேசையைத் துடைப்பவர் கடைசி.

ஒரு சாப்பாட்டுக்குள் ஏழெட்டுப் பேர் வந்து போகிறார்கள். அமெரிக்க உணவகத்தில் அப்படியில்லை. இன்னின்ன மேசைகள் இன்னாருடையவை என்று பிரித்துவிடுகிறார்கள். பெயர் சொல்லி அறிமுகமாகும் அந்த ஒருவரே கடைசியில் பில்லையும் கொண்டு வருவார். டிப்ஸ் போய்ச் சேர ஒரு முகவரி அங்கே இருக்கிறது. வாழை இலைக் கடையில் அந்த முகவரி இல்லை. கடைசியில் மேசைக்கு வருபவர் துடைப்பவர்; சோறு போட்டவர் அதற்குள் நாலு மேசை தள்ளிப் போயிருப்பார். விட்டுச்செல்லும் காசு யாருடையது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, எடுப்பவருக்கும் சங்கடம். அதனால்தான் சில கடைகளில் கல்லா ஓரத்தில் ஓர் உண்டியல் இருக்கிறது. இன்னும் பல கடைகளில் அந்தக் காசு கல்லாவிலேயே கலந்துவிடுகிறது.

தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் ஒழுங்கு சற்று வேறு. அங்கே ஆர்டர் எடுப்பவரே பெரும்பாலும் தட்டையும் கொண்டு வருவார். கேட்டால் கணக்கும் சொல்வார். ஆனால் கடை நள்ளிரவு தாண்டியும் ஓடும். பந்து விளையாட்டு ஒளிபரப்பு உள்ள இரவில் ஒரு தே தாரேயோடு மூன்று மணி நேரம் உட்காருவதும் வழக்கம். பில் சிறியது, உட்காரும் நேரம் நீளம். விழுக்காட்டுக் கணக்கில் டிப்ஸ் விழுவதற்கு அங்கும் இடமில்லை.

4. பத்து விழுக்காட்டின் கதை

டிப்ஸ் இல்லை என்பதற்கு அடுத்தபடியாகச் சொல்லப்படும் காரணம் சேவைக் கட்டணம். நட்சத்திர ஹோட்டல்களிலும் பேரங்காடி உணவகங்களிலும் பில்லின் அடியில் பத்து விழுக்காடு சேர்கிறது. அதன் கீழே இன்னொரு தொகை இருக்கும்: 6 விழுக்காட்டுச் சேவை வரி. ஆண்டு வரவு 15 இலட்சம் வெள்ளியை (ரிங்கிட்டை) தாண்டிய உணவகங்கள் வாங்கும் இந்த வரி அரசுக்குப் போகிறது. 2024 மார்ச்சில் சேவை வரி பொதுவாக 8 விழுக்காடாக உயர்ந்தபோதும் உணவு, பானத்துக்கு 6-ஆகவே நின்றது. வாடிக்கையாளர் பலர் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக் கொள்கிறார்கள். வரியின் போக்கு சட்டத்தில் தெளிவு. பத்து விழுக்காடு எங்கே போகிறது என்பதுதான் கடைக்குக் கடை மாறுகிறது.

ஹோட்டல்களில் அது தொழிலாளருக்குப் போவதற்குக் காரணம் தொழிற்சங்கம். தீபகற்ப மலேசியாவின் ஹோட்டல், மதுக்கூட, உணவகத் தொழிலாளர்களின் தேசியச் சங்கம் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தங்களில், வசூலான சேவைக் கட்டணம் புள்ளிக் கணக்கில் மாதந்தோறும் பகிரப்படுகிறது. பதவிக்கும் பணிக்காலத்துக்கும் ஏற்ப ஆளுக்கு இத்தனை புள்ளி என்று வரையறை உண்டு. மேசையில் நிற்பவர் மட்டுமன்றிச் சமையற்கட்டில் பாத்திரம் கழுவுபவரும் பங்கு பெறுகிறார். பல கை சேர்ந்து செய்யும் வேலைக்கு இது நியாயமான ஏற்பாடு.

இந்தப் பணத்தின்மேல் பெரிய வழக்கு ஒன்று நடந்தது. 2012-ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பள ஆணை, தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி என்று வகுத்தது. அதுவரை குறைந்த அடிப்படைச் சம்பளமும் அதன்மேல் சேவைக் கட்டணமும் என்று ஓடிக்கொண்டிருந்த ஹோட்டல்கள், சேவைக் கட்டணத்தின் ஒரு பகுதியை எடுத்து அடிப்படைச் சம்பளத்தை 900-க்கு உயர்த்திக் காட்ட முயன்றன. மனிதவள அமைச்சின் வழிகாட்டிக் குறிப்பும் அதற்கு இடம் கொடுத்தது. பெட்டாலிங் ஜெயாவின் கிரிஸ்டல் கிரவுன் ஹோட்டலுக்கும் சங்கத்துக்கும் இடையே எழுந்த தகராறு தொழில் நீதிமன்றத்திலிருந்து கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. 2021-இல் வந்த தீர்ப்பு சங்கத்தின் பக்கம் நின்றது. சேவைக் கட்டணம் வாடிக்கையாளர் தொழிலாளருக்காகத் தரும் பணம். முதலாளி அதைக் கைமாற்றிவிடும் பொறுப்பாளர் மட்டுமே. தாம் தர வேண்டிய அடிப்படைச் சம்பளத்தை அதைக்கொண்டு நிரப்ப முடியாது என்பது அதன் சாரம்.

இதன் அருமை அமெரிக்கச் சட்டத்தோடு ஒப்பிட்டால் புரியும். அங்கே கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். ஆனால் டிப்ஸ் வாங்கும் தொழிலாளருக்கு முதலாளி 2.13 டாலர் கொடுத்தால் போதும். மீதி டிப்ஸில் வந்துவிட்டதாகக் கணக்கு. 1991 முதல் அந்த 2.13 மாறவில்லை. வாடிக்கையாளரின் பணத்தை முதலாளியின் கடமைக்கு ஈடாக வைப்பதைத்தான் மலேசிய நீதிமன்றம் மறுத்தது.

ஆனாலும் தீர்ப்பு எட்டிய தூரம் குறைவு. ஊழியர் சேமநிதிச் சட்டத்தின் சம்பள வரையறை சேவைக் கட்டணத்தைப் பெயர் சொல்லி விலக்குகிறது. 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்கும் குடிமகனுக்கு முதலாளி 13 விழுக்காடும் அவர் 11 விழுக்காடும் சேமநிதிக்குச் செலுத்துகிறார்கள். ஹோட்டல் பரிமாறுநரின் கைக்கு மாதந்தோறும் சில நூறு வெள்ளி சேவைக் கட்டணம் வந்தாலும் அதிலிருந்து அவருடைய முதுமைக்கு ஒரு காசும் சேராது.

கூட்டு ஒப்பந்தம் இல்லாத உணவகங்களின் நிலை இதைவிட மங்கல். 2015 ஏப்ரலில் ஜிஎஸ்டி வந்தபோது, பில்லில் வரிமேல் வரியா என்று மக்கள் கேட்டார்கள். கூட்டு ஒப்பந்தம் உள்ள நிறுவனங்களே சேவைக் கட்டணம் வாங்கலாம் என்று முதலில் சொன்ன உள்நாட்டு வாணிப அமைச்சு, பிறகு அறிவிப்பை வெளிப்படையாக ஒட்டினால் மற்றவர்களும் வாங்கலாம் என்று தளர்ந்தது. கட்டணம் இருப்பது வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டும் என்பதில் அக்கறை காட்டிய அந்தத் தளர்வு, அது யாரைச் சேர வேண்டும் என்பதைத் தொடவில்லை.

பிற நாடுகள் இந்த முடிச்சை இரு திசையில் அவிழ்த்திருக்கின்றன. 2024 அக்டோபர் 1 முதல் பிரிட்டனில் டிப்ஸும் சேவைக் கட்டணமும் பிடித்தமின்றித் தொழிலாளருக்கே போக வேண்டும் என்பது சட்டம். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில், சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்றது. 2025 மார்ச்சில் டில்லி உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பிரிட்டன் தொழிலாளரின் பையைப் பார்த்தது, இந்தியா வாடிக்கையாளரின் பையைப் பார்த்தது. மலேசியாவில் சங்கம் இருக்கும் இடத்தில் பிரிட்டன் முறையும், இல்லாத இடத்தில் வெறும் அறிவிப்புப் பலகையும் நிலவுகின்றன.

5. பெர்மிட்டின் நிழலில்

மேலே சொன்ன அத்தனையும் வாழை இலைக் கடையின் வாசலோடு நின்றுவிடுகின்றன. அங்கே பொதுவாகச் சேவைக் கட்டணமும் இல்லை, கூட்டு ஒப்பந்தமும் இல்லை. பரிமாறுபவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் பெர்மிட்டில், அதாவது வேலை அனுமதியில், வந்தவர்கள்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. ரயில்வே குடியிருப்புகளைச் சுற்றி வளர்ந்த பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடைகளும் மெஸ்களும் குடும்பத்தாரையும் ஊர்க்காரரையும் வைத்தே நடந்தன. 1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதியைக் கட்டாயமாக்கியது. அதன்பின் ஊரிலிருந்து ஆள் வரவழைப்பது உறவு விஷயமாக மட்டும் இருக்க முடியவில்லை. தாளும் கட்டணமும் ஏஜெண்டும் நடுவில் வந்தார்கள்.

இன்று வெளிநாட்டவர் ஒருவரை வேலைக்கு எடுக்க முதலாளி சேவைத் துறைக்கான லெவி என்னும் தீர்வையாக ஆண்டுக்கு 1,850 வெள்ளி கட்ட வேண்டும். 2018 முதல் அதைத் தொழிலாளரிடம் பிடிக்கக் கூடாது. அவருக்கும் குறைந்தபட்சச் சம்பளம் பொருந்தும்: 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி, ஐந்து பேருக்குக் குறைவானவர்களை வைத்திருக்கும் கடைகளுக்கு ஆகஸ்டிலிருந்து. வார வேலை நேரம் 2023 முதல் 48-இலிருந்து 45 மணியாகக் குறைந்தது. தங்குமிட வசதிச் சட்டம் 2020 முதல் எல்லாத் துறைகளுக்கும் விரிந்தது. 2025 அக்டோபர் முதல் அந்நியத் தொழிலாளருக்கும் சேமநிதி கட்டாயம். இரு தரப்பும் தலா 2 விழுக்காடு.

தாளில் இவை குறைந்த பாதுகாப்புகள் அல்ல. ஆனால் பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. கடை மாற நினைப்பவர் நாட்டில் இருக்கும் உரிமையையே பணயம் வைக்கிறார். ஏஜெண்டுக்குக் கடன்பட்டு வந்தவருக்கு அந்தத் துணிவு இன்னும் கடினம். பால்ஸ் கண்ட அமெரிக்கப் பணிப்பெண் டிப்ஸ் கிடைத்ததால் மட்டும் நிமிர்ந்து நிற்கவில்லை. பிடிக்காவிட்டால் எதிர்க்கடைக்குப் போகலாம் என்பதும் அவருடைய பலம். நம் ஊர்த் தம்பிக்கு எதிர்க்கடை கண்ணுக்கு எதிரே இருந்தும் எட்டாத தூரத்தில் இருக்கிறது.

பொதுவிவாதம் இந்தப் பக்கம் திரும்புவதே அரிது. 2018-இல் அன்றைய மனிதவள அமைச்சர் மு. குலசேகரன், உணவகங்களில் உள்ளூர்ச் சமையல்காரர்கள் மட்டுமே இருக்க வேண்டும் என்று அறிவித்தபோது, பிரிமாஸ், பிரஸ்மா போன்ற உணவக உரிமையாளர் சங்கங்கள் பதறின. அறிவிப்பு பின்னர் தளர்ந்தது. கையாளப்பட்ட கேள்வி யார் சமைப்பது, சுவை யாருடையது என்பதே. யார் பரிமாறுவது, அவருக்கு என்ன கிடைக்கிறது என்று யாரும் அதே வேகத்தில் கேட்கவில்லை.

6. சில்லறை மறையும்போது

இருந்த சிறு வழக்கமும் இப்போது தேய்கிறது. 2008 ஏப்ரல் முதல் பில் தொகை ஐந்து காசுக்கு முழுமையாக்கப்படுகிறது. அதைவிடப் பெரிய மாற்றம் கியூஆர் கட்டணம். கல்லாவில் ஒட்டிய டூயிட்நவ் கியூஆர் குறியைத் தொலைபேசியால் ஸ்கேன் செய்து, 14 வெள்ளி 60 காசு என்றால் அதே தொகையைக் கட்டிவிடலாம். மீதி என்ற ஒன்றே பிறப்பதில்லை. மனமுவந்து 15 வெள்ளி கட்டினாலும் அந்த நாற்பது காசு கடையின் வங்கிக் கணக்குக்குள் போகிறது. உண்டியலில் விழுந்த காசுக்காவது பலர் கண் சாட்சி. கணக்கில் விழுந்ததற்கு அதுவும் இல்லை. கையிலிருந்து கைக்கு மாறிய காலத்தில் டிப்ஸுக்குச் சட்டம் தேவைப்படவில்லை. திரை வழியே மாறும் காலத்தில் அது தேவைப்படுகிறது.

7. எதிர்வாதங்களும் ஒரு கணக்கும்

சம்பளத்தை உயர்த்தினால் விலை உயரும், கூட்டம் குறையும், சிறு கடைகள் மூடப்படும் என்பது முதலாளிகளின் வாதம். அரிசி, எண்ணெய், கோழி விலையோடு லெவியும் வாடகையும் சேர்ந்து அழுத்தும்போது அதை வெறும் புலம்பல் என்று தள்ள முடியாது. பிரிக்பீல்ட்ஸின் சிறு கடைக்காரரும் பேரங்காடி உணவகமும் ஒரே தராசில் நிற்பவர்கள் அல்லர்.

ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு: நாளுக்கு 200 இலை போடும் கடை, பரிமாற ஆறு பேர், மாதம் 26 நாள் வேலை. ஒவ்வொருவருக்கும் 1,700 வெள்ளி என்றால் நாள் கூலி 65 வெள்ளி 38 காசு. ஆறு பேருக்கும் சேர்த்து ஓர் இலைக்குப் பரிமாறும் செலவு ஏறக்குறைய 1 வெள்ளி 96 காசு. ஆளுக்கு மாதம் 200 வெள்ளி கூட்டினால் இலைக்கு 23 காசு கூடும். எல்லோரும் உள்ளூர்க்காரர்கள் என்று வைத்து முதலாளியின் சேமநிதிப் பங்கைச் சேர்த்தாலும் 26 காசு. மனமிருப்பவர் மேசையில் விட்டுச்செல்லும் சில்லறையும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

தொகை ஒன்றுதான். மேசையில் விட்டால் அது கொடுப்பவரின் மனநிலையைப் பொறுத்தது. நோய்வாய்ப்பட்ட நாளில் வராது, மிகைநேரக் கணக்கில் சேராது, முதுமைக்குச் சேமிக்காது. சம்பளத்தில் சேர்ந்தால் அது கேட்டுப் பெறக்கூடிய காசு. எனவே நாமும் டிப்ஸ் பழகலாமே என்ற நல்லெண்ண யோசனை போதாது. லின் காட்டியபடி அது நல்ல சேவையைக்கூடச் சரியாக அளப்பதில்லை. பல கை சேரும் வாழை இலைக் கடையில் யாருக்குப் போய்ச் சேரும் என்பதும் உறுதியில்லை. குறைந்தபட்சச் சம்பளத்தை உயர்த்தாமல் இருக்க ஒரு சாக்காகவும் அது மாறலாம், அமெரிக்காவின் 2.13 டாலர் அதற்குச் சான்று.

8. முடிவாக

டிப்ஸ் இல்லாததைப் பண்பாட்டுப் பெருமையாகச் சொல்வதற்கு ஆதாரம் குறைவு. வேலை பிரிந்து கிடக்கும் முறையும், பில்லின் சிறுமையும், பெர்மிட் தொழிலாளரின் கட்டுண்ட நிலையும் அதை விளக்கப் போதும். மலிவான சாப்பாட்டின் விலையில் ஒரு பங்கை அவர்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதிலிருந்து மூன்று தேவைகள் எழுகின்றன. சேவைக் கட்டணம் வாங்கும் எந்தக் கடையும், கூட்டு ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதைத் தொழிலாளருக்கே பகிர வேண்டும் என்று சட்டம் சொல்ல வேண்டும். 2021 தீர்ப்பின் தர்க்கம் ஹோட்டல் வாசலோடு நிற்கக் காரணமில்லை. சேமநிதிச் சட்டத்தின் விலக்கு நீங்க வேண்டும். பெர்மிட் தொழிலாளர் அதே துறைக்குள் கடை மாற வழி வேண்டும். மூன்றில் கடைசியானதே மிகக் கடினம், மிக அவசியமும் அதுவே. வேறிடம் போகக்கூடியவரால்தான் தமக்கு வர வேண்டியதைக் கேட்க முடியும்; கேட்க முடியாதவருக்குச் சட்டப் புத்தகத்தில் உள்ள 1,700 வெள்ளியும் முதலாளி மனது வைத்தால் கிடைக்கும் காசாகவே மிஞ்சும்.